முட்டி நீரின் வழியே படித்த ராசிபலன்

நான் வேலையை விட்ட அடுத்த வாரமே எங்கள் ஊசி அறைக்கு ஸ்கேன் இயந்திரம் வந்துவிட்டது. மூட்டுக்குள் ஊசி எங்கே போகிறது என்பதை இப்போது திரையில் பார்த்துக்கொண்டே போடுகிறார்களாம். என்னோடு வேலை பார்த்த இளம் செவிலியர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தபோது, இது இல்லாத காலத்தில் எப்படிச் சமாளித்தீர்கள், எழுதிக் கொடுங்கள், படித்துக்கொள்கிறோம் என்றார்கள். இன்னொன்றும் கேட்டார்கள். ஓய்வு வயதுக்கு இன்னும் காலம் இருக்கும்போது ஏன் பாதியில் விட்டீர்கள் என்று. முதல் கேள்விக்கு மட்டும் பதில் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதப் போனால் இரண்டுக்கும் ஒரே பதிலாக இருக்கிறது.

நான் வேலை பார்த்தது கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் எலும்பு மருத்துவமனை. பெயர் வேண்டாம். சொந்த ஊர் திருக்கோவிலூர் பக்கம். செவிலியர் படிப்பில் சேர்ந்தபோது வகுப்பில் ஆண்கள் மிகக் குறைவு. ஊரில் "ஆம்பள நர்சா" என்று கேட்டுச் சிரித்தவர்கள் எல்லாம் பிற்பாடு முட்டியைப் பிடித்துக்கொண்டு என்னிடமே வந்தார்கள். மாவுக்கட்டுப் பிரிவில் தொடங்கி, அறுவை அரங்கில் சில ஆண்டுகள் நின்று, கடைசியில் ஊசி அறைக்கு வந்தேன். பெண் செவிலியர்களை சிஸ்டர் என்பதுபோல எங்களை பிரதர் என்பார்கள். அந்த அறையில் எனக்கு அதுதான் பெயர்.

அங்கே வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். உளுந்தூர்பேட்டை, திருநாவலூர் பக்கத்து நடவுப் பெண்கள், கரும்பு வெட்டியவர்கள், வெள்ளிமலையிலிருந்து முதல் பஸ் பிடித்து இறங்கி வருகிறவர்கள். மூட்டில் தேய்மானம். குறை ஒன்றுதான்: குந்த முடியவில்லை, குந்தினால் எழுந்திருக்க முடியவில்லை.

எங்கள் மருத்துவமனையை நடத்தியவரைப் பெரிய டாக்டர் என்றே எல்லோரும் சொல்வோம். எக்ஸ்ரே படத்தை அவர் முதலில் பார்க்க மாட்டார். நாற்காலியை நோயாளிக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர்களுடைய காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொள்வார். அவர் வெள்ளைக் கால்சட்டைதான் போடுவார். மதியத்துக்குள் இரண்டு தொடையிலும் செம்மண் தடம் பதிந்திருக்கும். வயதான பெண்கள் கூசிப்போய்க் காலை இழுத்துக்கொள்வார்கள். "முட்டி வலின்னுதான வந்த? கால குடுக்காம தலையவா குடுப்ப?" என்பார். அவர்கள் சிரிக்கிற நேரத்தில் முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்துவிடுவார். உள்ளங்கையை வைத்து அந்தக் கரகரப்பைக் கேட்பதுபோலக் கண்ணை மூடிக்கொள்வார்.

பிறகு ஒரு கேள்வி. "இந்தக் கால வெச்சிக்கினு இன்னா வேல செய்யணும் உனக்கு?"

வலி எப்படி, எத்தனை நாளாக என்பதெல்லாம் அதற்கப்புறம். மாடிப்படி ஏற வேண்டும் என்பார்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்பார்கள். ஒரு பெரியவர் சைக்கிள் மிதிக்க வேண்டும் என்றார். எங்கே போக என்று கேட்டதற்கு, எங்கேயும் இல்லை, வீட்டில் உட்கார்ந்திருந்தால் மருமகளோடு சண்டை வருகிறது என்றார். பதிலைக் கேட்டுவிட்டுத்தான் ஊசியா, மாத்திரையா, தொடைக்கான பயிற்சி மட்டும் போதுமா, அறுவைக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வார்.

ஊசி என்றால், முதலில் அதைப் பற்றிய ஆசையைக் குறைப்பார். "இது வலிய கொஞ்ச நாளைக்கு உக்கார வெக்கும். சில பேருக்கு சில வாரம், சில பேருக்கு சில மாசம். தேஞ்சத வளக்காது." சர்க்கரை இருப்பவர்களிடம் சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும் என்று எச்சரிப்பார். ஒரு ஊசி போட்டால் மூன்று மாதத்துக்கு அடுத்ததைப் பற்றிப் பேசக் கூடாது என்பது எங்கள் அறையின் சட்டம். ஊசியில் இருப்பது ஸ்டீராய்டு; அதை அடிக்கடி போட்டால் மிச்சமிருக்கும் குருத்தெலும்பும் கெடும். அந்தச் சட்டத்தை ஒவ்வொருவரிடமும் சொல்வது என் வேலை.

இனி ஊசி போடும் முறை. நோயாளியைப் படுக்கவைத்து, முட்டிக்குக் கீழே ஒரு துண்டைச் சுருட்டி வைக்க வேண்டும். கால் தளர்ந்து கிடக்க வேண்டும். தொடை இறுகியிருந்தால் முட்டியின் முன்னால் இருக்கும் சில்லெலும்பு அசையாது, ஊசிக்கு வழி கிடைக்காது. சோப்புப் போட்டுக் கழுவியபிறகு அயோடின் கரைசலை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வட்டமாகத் தடவ வேண்டும். தடவியதும் குத்தக் கூடாது. காய வேண்டும். அந்தக் காய்கிற நேரத்தில்தான் அயோடின் கிருமியைக் கொல்கிறது. எந்த அவசரத்திலும் பெரிய டாக்டர் அந்த நேரத்தைக் குறைத்து நான் பார்த்ததில்லை. கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

அந்த இடைவெளிதான் நோயாளிக்குப் பயம் கூடும் நேரம். அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தேன். கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் தினசரி காலண்டர் தொங்கும். தாளின் அடியில் பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு சொல் பொடி எழுத்தில் போட்டிருக்கும் அல்லவா, அதைப் படித்துச் சொல்வேன். "பிரதரு, எனக்கு விருச்சிகம், இன்னா போட்டுக்கிது?" என்று அவர்களே கேட்பார்கள். ஆதாயம் என்று வந்தால் மகிழ்வார்கள். செலவு என்று வந்தால், "அதான் இங்க வந்துட்டனே" என்பார்கள்.

சில்லெலும்பின் வெளிப்பக்க மேல்முனையைக் கட்டைவிரலால் தள்ளி, அதற்கும் தொடையெலும்புக்கும் நடுவில் ஊசி போகும். வீங்கிய முட்டி என்றால் முதலில் உள்ளே இருக்கும் நீரை இழுக்க வேண்டும். நல்ல நீர் வைக்கோல் நிறத்தில், எண்ணெய்போலக் கொழகொழப்பாக, தெளிவாக இருக்கும். ஊசியை முட்டியிலேயே விட்டுவிட்டு, நீர் இருக்கும் சிரிஞ்சை மட்டும் கழற்றிக் காலண்டர் தாளில் ஒட்டினாற்போலப் பிடிப்பார் பெரிய டாக்டர். நீரின் வழியே அந்தப் பொடி எழுத்தைப் படிப்பார். "மீனம், பரிசு. தெரியிது. மருந்து குடு" என்பார். மருந்து சிரிஞ்சை மாட்டுவேன். தடையில்லாமல் உள்ளே இறங்கினால் சரியான இடம். தடுத்தால் நிறுத்திவிட வேண்டும்.

எழுத்து தெரியாவிட்டால் மருந்து கிடையாது. கலங்கிய நீர் வேறு நோயாலும் வரலாம், கிருமியாலும் வரலாம். எது என்று பரிசோதனைக் கூடம் சொல்லும்வரை எடுத்த மருந்தைக் குப்பையில்தான் போடுவோம். ஒருமுறை நான் காரணம் கேட்டேன். "இந்த மருந்து வலிய மட்டுமா தூங்க வெக்கும்? ஒடம்போட காவலயும் சேத்துத் தூங்க வெச்சிடும். உள்ள திருடன் இருக்கறப்ப காவல தூங்க வெச்சா மூட்டு போவும். சமயத்துல ஆளே போவும்" என்றார். அதற்கப்புறம் யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. எழுத்தைப் படித்துப் பார்ப்பது பரிசோதனைக் கூடத்துக்குப் போவதற்கு முந்தைய சோதனை, அவ்வளவுதான். ஆனால் அந்த அறையில் அது எங்களை நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தியது.

என் மகள் மலர்விழி எலும்பு மருத்துவம் படித்து முடித்து அதே மருத்துவமனையில் சேர்ந்தாள். எனக்குப் பெருமைதான், ஆனால் பயம் அதைவிட ஜாஸ்தி. வீட்டில் என்னை நீ, வா, போ என்று பேசுகிறவள், ஊசி அறையில் மற்றவர்களைப் போல "பிரதர், அத எடுங்க" என்பாள். நான் மேடம் என்பேன். அவளும் நோயாளியின் காலைத் தூக்கித் தொடைமேல் வைத்துக்கொண்டாள், அதே கேள்வியைக் கேட்டாள். சுடிதாரில் செம்மண் தடத்தோடு வீட்டுக்கு வருவாள். துவைக்கிற என் மனைவிக்குத்தான் எரிச்சல்.

அந்த நாளுக்கு வருகிறேன்.

பெரிய டாக்டர் மேலே அறுவை அரங்கில் இருந்தார். விபத்தில் தொடையெலும்பு உடைந்த ஒருவர். நடுவில் வெளியே வர முடியாது. ஊசி அறையில் மலர்விழியும் நானும். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரிலிருந்து ராமாயி என்ற அம்மாவை ஜீப்பில் கொண்டுவந்திருந்தார்கள். அறுபதை நெருங்கும் வயது. கூட வந்தவர்கள் மகன் கோவிந்தனும் உறவுக்காரர்கள் சிலரும். வலது முட்டி வீங்கியிருந்தது. முந்தைய ஆண்டு பெரிய டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு நன்றாக இருந்தவர்தான்.

மலர்விழி கால் என்ன வேலை செய்ய வேண்டும் என்று கேட்டாள்.

"சாம அறுக்கணும் தாயி. பயிரு முத்திப் போச்சி. ஒரு காத்து அடிச்சா மொத்தமும் கொட்டிப்புடும். குந்திக்கினே அறுக்கணும், இந்தக் காலு மடங்க மாட்டங்குது."

காய்ச்சல் உண்டா என்று கேட்டதற்கு இல்லை என்றார். வேறு எங்காவது சமீபத்தில் ஊசி போட்டீர்களா என்றதற்கும் இல்லை என்றார். அதைச் சொல்லும்போது மகன் முகத்தைப் பார்த்துக்கொண்டார். நான் அப்போது அதைக் கவனித்தேன், ஆனால் பொருட்படுத்தவில்லை. முட்டி லேசாகச் சுட்டது. வீங்கிய முட்டிகள் பல லேசாகச் சுடும்.

மகனை வெளியே அனுப்பிவிட்டுப் படுக்கவைத்தோம். கழுவி, அயோடின் தடவி, காயக் காத்திருந்தோம். நான் வழக்கம்போல ராசி கேட்டேன்.

"எனக்கு இன்னா ராசின்னு யாரு கண்டா பிரதரு. நல்லதா பாத்து நீயே ஒண்ணு சொல்லு."

காலையில் தாளைக் கிழித்ததும் படித்ததுதான். "சிம்மம், சுகம்" என்றேன். ராமாயி சிரித்தார். "அப்ப அதையே எனக்கு வெச்சிக்க."

இதற்குள் வெளியே கோவிந்தன் கதவைத் தட்டத் தொடங்கிவிட்டான். மழை இருட்டிக்கொண்டு வருகிறது, மலைப்பாதையில் ஏற வேண்டும், ஒரு ஊசிக்கு இவ்வளவு நேரமா என்று. உள்ளே இருப்பது பெரிய டாக்டர் இல்லை என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "சின்ன பொண்ண வுட்டுக் குத்தறாங்களா?" என்று யாரிடமோ கேட்டது எங்களுக்குக் கேட்டது. தட்டல் பலமானது.

அதற்கு முந்தைய மாதம்தான் நகரத்திலேயே உள்ள ஒரு நோயாளியின் உறவினர்கள் எங்கள் வரவேற்பறைக் கண்ணாடியை உடைத்திருந்தார்கள். பணியிலிருந்த இளம் மருத்துவரைச் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அந்தக் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளியவர்களில் நானும் ஒருவன். மலர்விழி சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அன்று முதல் யாராவது குரலை உயர்த்தினால் முதலில் மலர்விழி எங்கே என்று பார்ப்பேன்.

அவள் ஊசியைச் செலுத்தி நீரை இழுத்தாள். நான் மருந்தை வேறு சிரிஞ்சில் எடுத்துத் தயாராக வைத்திருந்தேன். நீர் வைக்கோல் நிறம்தான். கொழகொழப்புக் கொஞ்சம் கம்மி. அவள் சிரிஞ்சைக் கழற்றிக் காலண்டரில் வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

கதவு அதிர்ந்தது.

நான் குனிந்து பார்த்தேன். "தெரியிது மேடம். சிம்மம், சுகம்" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை, யோசனை. பிறகு, "தாளக் கிழிங்க பிரதர்" என்றாள்.

புரியாமல் நின்றேன். இன்னொரு முறை சொன்னாள். கிழித்தேன். மறுநாளின் தாள் வெளியே வந்தது. நான் இன்னும் பார்க்காத தாள். அதன்மேல் சிரிஞ்சை வைத்தாள்.

"இப்ப படிங்க."

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தேன். பொடி எழுத்து இருந்த இடத்தில் ஒரு சாம்பல் பட்டை தெரிந்தது. மேஷம் எது, மீனம் எது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. சிரிஞ்சை நகர்த்தினால் எழுத்து தெளிவாக இருந்தது. வைத்தால் மறைந்தது.

"மருந்த எடுத்து அப்பால வெச்சிடுங்க" என்றாள். ஊசியை உருவிப் பஞ்சை வைத்து அழுத்தினாள்.

படுத்திருந்த ராமாயி தலையைத் தூக்கி, "சுகம்னு சொன்னியே பிரதரு, இல்லியா?" என்று கேட்டார்.

நான் மருந்து சிரிஞ்சைக் குப்பையில் போட்டேன்.

நீரைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டு மலர்விழி கதவைத் திறந்தாள். நான் அவளுக்கு முன்னால் போய் நிற்கப் பார்த்தேன். அவள் என்னைத் தாண்டிப் போனாள். உள்ளே கிருமி இருக்கலாம், இன்று ஊசி போட முடியாது, படுக்கையில் சேர்க்க வேண்டும் என்று கோவிந்தனிடம் சொன்னாள். மருந்து போடாமல் எதற்காகக் குத்தினீர்கள் என்று அவன் கத்தினான். தப்பாகப் போட்ட ஊசியை மறைக்கிறார்கள், காசுக்காகப் படுக்கச் சொல்கிறார்கள் என்று உறவுக்காரர் ஒருவர் எடுத்துக்கொடுத்தார். அவன் அவள் முகத்துக்கு நேரே விரலை நீட்டியபோது, அவள் இருந்த இடத்திலேயே நின்றாள். பின்வாங்கவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

அவர்கள் ராமாயியைத் தூக்கிக்கொண்டு போய் ஜீப்பின் பின்பக்கம் உட்காரவைத்தார்கள். வேறு இடத்தில் ஊசி போட்டுக்கொள்கிறோம் என்றார்கள். எங்கேயாவது யாராவது போட்டுவிடுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அந்த முட்டிக்குள் அந்த மருந்து போனால் என்ன ஆகும் என்பதும் தெரியும். போகட்டும், என் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, போகட்டும் என்றுதான் நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மறைக்காமல் எழுதுவதென்றால் அதுதான் அப்போது என் மனதில் இருந்தது.

மலர்விழி நேராக ஜீப்பிடம் போனாள். பின்பக்கம் ஏறி ராமாயிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் பின்னால் ஓடிப்போய் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றேன்.

வண்டியை எடுக்கப்போன கோவிந்தன் திரும்பிப் பார்த்து, "நீ இன்னாத்துக்கு ஏர்ற? எறங்கு" என்றான்.

"நானும் வர்றங்க. வழியில ஜொரம் வந்தா பாக்க ஆளு வேணுமில்ல?"

"மலைக்கா?"

"எங்க போறீங்களோ அங்க."

ஒருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு பெண்ணை, அதுவும் டாக்டரை, கையைப் பிடித்து இழுத்து இறக்க அவர்களுக்கு மனமில்லை. அவர்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்று நான் அந்த நேரத்தில் நம்பவில்லை, அவள் நம்பினாள். மழை விழத் தொடங்கியது. அவள் ராமாயியின் வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ராமாயிதான் முதலில் பேசினார். "எறங்கிப் போ தாயி. என்னால உனக்கு இன்னாத்துக்கு ரோதன."

"வேற யாரு ஊசி போட்டாங்க, சொல்லுங்க. எறங்கிப்புடறேன்."

ராமாயி மகனைப் பார்த்தார். இந்த முறை அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சந்தைக்கு ஒருத்தரு வருவாரு. முட்டிக்குப் போடுவாரு. போன மாசம் ஒண்ணு, இந்த மாசம் ஒண்ணு. கொஞ்ச நாளு கேட்டுச்சி, அப்பறம் வீங்கிக்கினுச்சி. சொன்னா நீங்க போட மாட்டீங்களே. மூணு மாசம் கழிச்சிதான்னு இந்த பிரதருதான போன வாட்டி சொல்லி அனுப்பிச்சாரு. சாம அதுவரிக்கும் நிக்குமா?"

அந்தச் சட்டம் சரியானதுதான். இன்றைக்கும் அதையே சொல்வேன். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு போனவர்கள் அதை வைத்து எதைச் சொல்லலாம், எதை மறைக்கலாம் என்று கற்றுக்கொள்வார்கள் என்பது அத்தனை ஆண்டில் எனக்குத் தோன்றியதில்லை. முன்பே போட்ட ஊசியின் மருந்து காய்ச்சலையும் சூட்டையும் அமுக்கி வைத்திருந்தது. அதனால்தான் முட்டி லேசாக மட்டும் சுட்டது. காவல் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருந்தது.

கோவிந்தன் இறங்கி வந்து அம்மாவைத் தானே தூக்கினான். பரிசோதனைக் கூடத்திலிருந்து சீழணுக்கள் மிக அதிகம் என்று முடிவு வந்தது. பெரிய டாக்டர் அரங்கை விட்டு இறங்காமல், அடுத்ததாக ராமாயியை மேலே கொண்டுவரச் சொன்னார். மூட்டைத் திறந்து கழுவினார்கள். மலர்விழி உதவிக்கு நின்றாள். பிறகு பல வாரம் கிருமிக்கான மருந்து நரம்பு வழியாக ஏறியது. நடுவில் இரண்டு நாள் காய்ச்சல் இறங்கவே இல்லை. அந்த இரண்டு நாளும் நான் காரணமே இல்லாமல் அந்த வார்டைச் சுற்றிக்கொண்டிருந்தேன். கால் தப்பியது. உயிரும் தப்பியது. ஆனால் அந்த முட்டி முழுதாக மடங்காது. சாமையை மகனும் உறவுக்காரர்களும் அறுத்தார்கள், பாதி கொட்டிப்போன பிறகு.

ராமாயியைச் சேர்த்த அன்று இரவு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது மலர்விழி கேட்டாள். "ஏன்ப்பா தெரியிதுன்னு சொன்ன?"

"தெரிஞ்சிதும்மா."

"பொய் சொல்லலியே?"

"இல்ல. நெஜமாவே தெரிஞ்சிது. சிம்மமும் தெரிஞ்சிது, சுகமும் தெரிஞ்சிது."

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "கதவத் தட்டிக்கினு இருந்தாங்களே, அதானா?"

"ஆமா. சீக்கிரம் முடிச்சி அவங்க போயிட்டாப் போதும்னு இருந்திச்சி."

"எனக்கும் அப்படித்தான்ப்பா இருந்திச்சி" என்றாள்.

பொய் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு ஆட்டம் இருந்திருக்காது. பொய்யை அடுத்த முறை சொல்லாமல் இருக்கலாம். என் கண் எனக்கே தெரியாமல் எனக்கு வேண்டியதை அங்கே எழுதிக்கொண்டது. காலையில் படித்த சொல், சற்றுமுன் நானே உரக்கச் சொன்ன சொல், அது தெரிந்தால் என் பெண் இந்த அறையை விட்டு நல்லபடியாக வெளியே போவாள் என்ற எண்ணம், எல்லாம் சேர்ந்து கலங்கிய நீரைத் தெளிவாக்கிவிட்டன. இப்போது நினைத்தாலும் அந்தச் சொல்லை நீரின் வழியே பார்த்ததாகத்தான் எனக்கு நினைவிருக்கிறது.

பெரிய டாக்டரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. நான் எதிர்பார்த்த ஆறுதலையும் சொல்லவில்லை. "நானும்தான்யா இத்தன வருஷமா அந்தத் தாளப் படிச்சிக்கினு இருக்கேன். நீ காலையில ஒவ்வொருத்தருக்கும் ஒரக்கப் படிக்கற, நானும் கேட்டுக்கினுதான் நிக்கறேன். எத்தினி வாட்டி தெரியாமயே படிச்சேனோ" என்றார். மறுநாளிலிருந்து கட்டிலுக்குப் பக்கத்தில் பழைய செய்தித்தாள் கட்டு ஒன்று வந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் அதில் ஒரு புதுப் பக்கம். அவரும் எழுத்துக்களைத் தானே முதலில் சத்தமாக வாசிப்பதை விட்டார், கூட நிற்பவரை வாசிக்கச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகே தானும் பார்த்து வாசித்தார். ஸ்கேன் இயந்திரத்துக்கு ஏற்பாடு செய்ததும் அதற்குப் பிறகுதான். இளையவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டென்றால் இதுதான்: திரை வந்துவிட்டது, நல்லது. திரையையும் நம் கண்தான் பார்க்கிறது. வெளியே யார் கதவைத் தட்டுகிறார்கள் என்பதையும் அந்தக் கண் கேட்டுக்கொண்டேதான் பார்க்கும்.

சில மாதம் தொடர்ந்து வேலை பார்த்தேன். முடியவில்லை. மலர்விழி ஊசியை எடுத்தால் நான் முட்டியைப் பார்க்காமல் கதவைப் பார்த்தேன். வேறு பிரிவுக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். எந்தப் பிரிவில் இருந்தாலும் அந்தக் கட்டடத்துக்குள் ஒரு சத்தம் கேட்டால் அங்கேதான் ஓடுவேன் என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் நோயாளிக்கும் நடுவில் நான் நிற்பது இருவருக்கும் நல்லதில்லை. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

போன வாரம் கோவிந்தன் தொலைபேசியில் அழைத்தான். மருத்துவமனையில் இருந்த வாரங்களில் பழக்கமாகிவிட்டவன். அம்மாவுக்கு இப்போது இடது முட்டி. வலது கால் மடங்காததால் பாரம் முழுவதும் இதில் விழுகிறது. சின்ன டாக்டர் மலர்விழிதான் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார், நாளை அழைத்துவருகிறேன் என்றான். பெரிய டாக்டர் அன்று ஊரில் இல்லை என்பது எனக்குத் தெரியும். மறுநாள் காலையிலிருந்தே வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கிளம்பிப் போய், ஊசி அறைக்கு வெளியே இருக்கும் இரும்பு நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்துகொண்டேன். அத்தனை ஆண்டில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததே இல்லை. ராமாயியை உள்ளே அனுப்பிவிட்டு வந்த கோவிந்தன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உள்ள போவலியா பிரதரு?"

"எனக்கு உள்ள வேல இல்ல இப்ப."

"அப்ப இன்னாத்துக்கு வந்த?"

"நீ இன்னாத்துக்கு வந்த?"

"எங்கம்மாவுக்கு."

"நான் எம் பொண்ணுக்கு."

அவன் தலையாட்டினான். இருவரும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே என்ன நடக்கிறது என்பது ஒவ்வொரு அசைவாக எனக்குத் தெரியும். இப்போது கழுவுவார்கள். இப்போது தடவிவிட்டுக் காயக் காத்திருப்பார்கள். அந்தக் காய்கிற நேரம் வெளியே இருப்பவர்களுக்கு எவ்வளவு நீளமானது என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கோவிந்தன் எழுந்து கதவுவரை போனான், தட்டாமல் திரும்பி வந்து உட்கார்ந்தான். "இம்மா நேரம் ஆவுமா?" என்றான். ஆகும் என்றேன்.

கதவு திறந்தது. புதிதாகச் சேர்ந்த செவிலியர் ஒருத்தி தலையை நீட்டி, ராமாயியோடு வந்தவர்கள் யார் என்று கேட்டாள். நாங்கள் இரண்டு பேருமே எழுந்துவிட்டோம்.

அவளுக்குப் பின்னாலேயே மலர்விழி வந்தாள். கோவிந்தனிடம்தான் பேசினாள். நீர் நன்றாக இருந்தது, மருந்து போட்டாகிவிட்டது, இன்று இரவு வலி கூடலாம், பயப்பட வேண்டாம், இரண்டு நாள் பாரம் தூக்கக் கூடாது, காய்ச்சலோ வீக்கமோ வந்தால் எந்த நேரமானாலும் உடனே கொண்டுவர வேண்டும், சந்தைப் பக்கம் போகக் கூடாது. கடைசியாகச் சொன்னதற்கு அவன் வெட்கத்தோடு சிரித்தான். பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். அந்த வாசலில் காத்திருக்கும் யாரிடமும் சொல்வதைப் போலவே என்னிடமும் சொன்னாள்.

"நல்லாருக்காங்க. நீங்களும் உக்காருங்க."

கோவிந்தன் உடனே உட்கார்ந்துவிட்டான். எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.